பையில் கட்டாததைப் பாதையில் வாங்கினால்...

நள்ளிரவு ஒரு மணியிருக்கும். காத்தான்குடியிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ், ஹபரணையைத் தாண்டி ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் நின்றது. "இருபது நிமிஷம்" என்று சொல்லிவிட்டு சாரதியும் நடத்துனரும் உள்ளே போய்விட்டார்கள். எனக்குப் பக்கத்து ஆசனத்தில் இருந்த தம்பி இறங்கிப் போய், பத்து நிமிடத்தில் ஒரு பையோடு திரும்பி வந்தார். ஒரு தண்ணீர்ப் போத்தல், இரண்டு ரோல்ஸ், ஒரு பிஸ்கட் பக்கட், தலைவலிக்கு ஒரு சின்னத் தைலப் போத்தல், கடைசியாகக் கைத்தொலைபேசிக்குச் சார்ஜ் ஏற்றும் வயர் ஒன்று.

"எவ்வளவு தம்பி முடிஞ்சிது?" என்று கேட்டேன்.

"எல்லாம் சேத்து ஆயிரத்தெண்ணூறு காக்கா."

"வயர் மட்டும்?"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "எழுநூற்றம்பது. இதே வயர நான் கடையில இருநூற்றம்பதுக்கு விக்கிறன். என்ன செய்யிற, போன் செத்துப் போச்சி. விடிஞ்சா முதலாளிமாரோட பேசணுமே."

ஆம், அந்தத் தம்பி ஊரில் கைத்தொலைபேசி உதிரிச் சாமான் கடை வைத்திருப்பவர். தன் கடையில் வரிசை வரிசையாகத் தொங்கும் வயரில் ஒன்றைச் சுருட்டிப் பைக்குள் போட மறந்ததற்கு, இன்னொரு வியாபாரிக்கு மூன்று மடங்கு விலை கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

இதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடைக்காரர் விலையை மறைக்கவில்லை. தம்பியும் கேட்டுத்தான் வாங்கினார். ஆனால் அந்த விலையைப் போட்டது கடைக்காரர் மட்டுமல்ல. செத்துப்போன போனும், நள்ளிரவும், இருபது நிமிட அவகாசமும் சேர்ந்து போட்ட விலை அது.

வியாபாரத்துக்காகப் பயணம் போகும் சகோதரர்கள் நம் பகுதியில் ஏராளம். ஏறாவூர், ஓட்டமாவடி, காத்தான்குடி என்று எந்த ஊரை எடுத்தாலும், மாதத்தில் ஓரிரு தடவை புறக்கோட்டைக்குப் போய் வராத கடைக்காரரைக் காண்பது அரிது. சென்னை, பேங்கொக், சீனா என்று போய் வருபவர்களும் இருக்கிறார்கள். கொள்முதலில் ஒரு ரூபாவைக் குறைப்பதற்கு அரை மணித்தியாலம் பேரம் பேசும் நாம், போகும் வழியில் நூறு நூறாக விட்டுவிட்டு வருகிறோம். இந்த வாரம் அதைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

விலையைக் கூட்டுவது எது?

பயணிகளிடம் கூடுதலாக விலை வாங்கும் இடங்களைக் கவனித்தால் மூன்று விடயங்கள் பொதுவாக இருக்கும். முதலாவது, பக்கத்தில் வேறு கடை இருக்காது. அல்லது இருக்கும் கடைகள் எல்லாம் ஒரே விலையில் ஒத்துப்போயிருக்கும். இரண்டாவது, வாங்குபவருக்கு நேரம் இருக்காது. பஸ் ஹோர்ன் அடிக்கும், விமானத்துக்கு அழைப்பு வரும். மூன்றாவது, வாங்குபவர் திரும்பி வரப்போவதில்லை என்பது விற்பவருக்குத் தெரியும்.

இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் பேரம் என்ற பேச்சே கிடையாது. நமது கடைத்தெருவில் ஒரே சாமானை நாலு பேர் விற்பதால், ஒருவர் விலையைக் கூட்டினால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்கு நடந்துவிடுவார். நடக்க முடியாத இடத்தில் அவரைக் கொண்டுபோய் வைத்தால் விலை தானாகவே ஏறும்.

இது உலகம் முழுவதும் உள்ள பிரச்சினைதான். நியூயோர்க்கின் லாகார்டியா விமான நிலையத்தில் ஒரு குவளைப் பானத்துக்கு 27 டொலருக்கு மேல் விலை போட்டிருந்த படம் 2021இல் பெரிய சர்ச்சையானது. அதன் பிறகு, வெளியே தெருவில் விற்கும் விலையிலிருந்து 10 வீதத்துக்கு மேல் கூடக் கூடாது என்று அந்த விமான நிலையங்களை நடத்தும் அதிகார சபை 2022இல் விதி கொண்டுவந்தது. இந்தியாவில் விமான நிலையச் சாப்பாட்டு விலை பற்றி நாடாளுமன்றம் வரை பேச்சு எழுந்து, 2024 டிசம்பரில் கொல்கத்தா விமான நிலையத்தில் 'உடான் யாத்ரி கஃபே' என்ற மலிவுக் கடை திறக்கப்பட்டது. தேநீர் 10 இந்திய ரூபா, தண்ணீர்ப் போத்தல் 10 ரூபா, சமோசா 20 ரூபா. 2025 பெப்ரவரியில் நம்மவர்கள் அடிக்கடி போய் வரும் சென்னை விமான நிலையத்திலும் அப்படி ஒன்று வந்தது.

அரசாங்கம் கடை திறந்து கொடுக்கும் வரை எல்லா இடத்திலும் காத்திருக்க முடியாது. நம் கையில் இருக்கும் மருந்து நமது பைதான்.

ஒரு சின்னக் கணக்கு

அந்தத் தம்பியின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒரு பயணத்தில் வேண்டாத செலவு 1500 ரூபா என்று வையுங்கள். மாதத்தில் இரண்டு பயணம் என்றால் வருடத்துக்கு 24 பயணம். மொத்தம் 36,000 ரூபா.

"முப்பத்தாறாயிரம்தானே" என்று நினைக்கலாம். ஆனால் செலவெல்லாம் போக நூற்றுக்குப் பத்து ரூபா கையில் மிஞ்சும் கடை என்றால், அந்த 36,000 ரூபாவைச் சம்பாதிக்க 3 இலட்சத்து 60 ஆயிரம் ரூபாவுக்குச் சாமான் விற்றாக வேண்டும். அதாவது ஒரு சின்னக் கடையின் பல நாள் வியாபாரத்தை பஸ் நின்ற இடத்தில் போட்டுவிட்டு வருகிறோம்.

வெளிநாட்டுப் பயணத்தில் இந்த அடி இன்னும் பலமாக விழும். 2022 மார்ச் வரை ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் அதே வருடம் 360 ரூபா வரை போனது. அதன் பின் 300 ரூபா மட்டத்தில் வந்து நின்றது. விமான நிலையத்தில் 5 டொலருக்கு வாங்கும் ஒரு கோப்பிக்கு அன்று ஆயிரம் ரூபா கொடுத்தோம் என்றால், இப்போது ஆயிரத்து ஐந்நூறு கொடுக்கிறோம். கோப்பி அதே கோப்பிதான்.

வாப்பாவின் உமல்

என் வாப்பாவும் புடவை வியாபாரிதான். கொழும்புக்குப் போகும்போது ஓர் உமல் பையைத் தூக்கிக்கொண்டு போவார். அதற்குள் இருப்பவை எனக்கு இன்றும் மனப்பாடம். வாழையிலையில் சுற்றிய பிட்டு, ஒரு ஹோர்லிக்ஸ் போத்தலில் மாசிச் சம்பல், ஒரு போத்தல் தண்ணீர், ஒரு சாரம், ஒரு துவாய், முசல்லா, கோடாலித் தைலம், ஊசி நூல், சணல் கயிறு கொஞ்சம். சாமான் கட்டுவதற்குப் புறக்கோட்டையில் கயிறு வாங்கிக் கொடுப்பது அவருக்குப் பிடிக்காது.

எனக்குப் பதினெட்டு வயதில் முதல் தடவை அவரோடு போனேன். உமலைத் தூக்க எனக்கு வெட்கம். "கடையில சாப்பிடலாமே வாப்பா" என்றேன். அவர் சொன்ன பதிலை அப்போது நான் பெரிதாக எடுக்கவில்லை.

"மகன், பசியோட இருக்கிறவன் விலை கேக்க மாட்டான். நாம விலை பேசப் போற ஆக்கள். வயிறு நிறைஞ்சிருந்தாத்தான் வாய் பேசும்."

பின்னால் யுத்த காலத்தில் அந்தப் பாதையில் போனவர்களுக்கு இன்னொரு பாடமும் கிடைத்தது. வெலிக்கந்தைப் பக்கம் சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கி, பைகளைப் பிரித்துக் கொட்டிக் காட்டச் சொல்வார்கள். ஐந்து பை கொண்டுபோனவர் ஐந்தையும் பிரித்துக் கட்ட வேண்டும். ஒரு பைக்காரர் முதலில் ஏறிவிடுவார். தேவையானது எல்லாம் இருக்க வேண்டும், அது ஒரே பையில் அடங்க வேண்டும் என்ற பழக்கம் அந்த நாட்களில்தான் எனக்கு வந்தது.

எதைக் கட்டுவது, எதை விடுவது?

கண்டதையெல்லாம் கட்டிக்கொண்டு போவது புத்திசாலித்தனம் அல்ல. நான் மூன்று கேள்வி கேட்டுப் பார்ப்பேன். இது கட்டாயம் தேவைப்படுமா? அங்கே வாங்கினால் விலை கூடவா? பையில் இடம் குறைவாகப் பிடிக்குமா? மூன்றுக்கும் 'ஓம்' என்றால் பைக்குள் போக வேண்டும். சார்ஜர் வயர் இதற்கு நல்ல உதாரணம். இரண்டு விரல் அளவு இடம். இல்லாவிட்டால் மூன்று மடங்கு விலை.

கொழும்புப் பயணத்துக்கு என் பையில் இருப்பவை இவைதான்: மூடி இறுக்கமான தண்ணீர்ப் போத்தல், வீட்டில் சுட்ட ரொட்டியோ சண்ட்விச்சோ ஒரு நேரத்துக்கு, பேரீச்சம்பழம் கொஞ்சம், சார்ஜரும் வயரும், பெனடோல் ஒரு கார்ட், வழமையாகக் குடிக்கும் மருந்து, துவாய், பற்பசை, மடித்து வைக்கக்கூடிய இரண்டு பெரிய துணிப் பை, 100 ரூபா, 50 ரூபாத் தாள்கள் கொஞ்சம். சில்லறைத் தாள் எதற்கு என்று கேட்கலாம். முச்சக்கரவண்டிக்காரரிடம் ஐயாயிரம் ரூபாத் தாளை நீட்டினால், "மாத்தக் காசில்ல" என்று ஒரு கதை தொடங்கும். அந்தக் கதை நமது செலவில்தான் முடியும்.

சீனி வருத்தம், பிரஷர் உள்ளவர்கள் மருந்தைத் தனியாகக் கையோடு வைத்திருக்க வேண்டும். பஸ்ஸின் கீழ்ப் பெட்டிக்குள் போகும் பையில் வைத்தால், வழியில் தேவைப்படும்போது அது இருந்தும் இல்லாததுதான். இந்த விடயத்தில் விலை இரண்டாம் பட்சம்; உயிர் முதலாவது.

வாங்கத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால் சட்டத்தையும் தெரிந்து வைத்திருங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, கடையில் விலைப்பட்டியல் கண்ணில் படும்படி வைக்க வேண்டும். பொதியில் அச்சிட்டிருக்கும் உச்ச சில்லறை விலைக்கு மேல் விற்பது குற்றம். 2025 ஏப்ரல் முதலாம் திகதி தொடக்கம் 500 மில்லிலீற்றர் தண்ணீர்ப் போத்தலுக்கு 70 ரூபா, ஒரு லீற்றருக்கு 100 ரூபா என்று உச்ச விலை வர்த்தமானியில் நிர்ணயிக்கப்பட்டது. முறைப்பாட்டுக்கு 1977 என்ற இலக்கம் இருக்கிறது.

இதை நான் வாங்குபவராக மட்டும் சொல்லவில்லை. 2021இல் சட்டம் திருத்தப்பட்டு, உச்ச விலைக்கு மேல் விற்கும் தனி வியாபாரிக்கு ஒரு இலட்சம் ரூபாவிலிருந்து ஐந்து இலட்சம் ரூபா வரையும், கம்பனிக்கு ஐந்து இலட்சத்திலிருந்து ஐம்பது இலட்சம் வரையும் தண்டம் விதிக்க வழி செய்யப்பட்டது. ஒரு போத்தல் தண்ணீரில் முப்பது ரூபா கூட எடுக்கப் போய் இலட்சக் கணக்கில் கட்டுவது எந்த வகை வியாபாரம்?

கடல் கடந்து போகும்போது

முதன்முதலாக பேங்கொக்கில் பிள்ளைகளின் உடுப்பு எடுக்கப் போனபோது நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். பிரதுனாம் பகுதியில் நாலு நாள் சுற்றி, பேரம் பேசி, நல்ல விலைக்குச் சாமான் எடுத்தேன். போகும்போது வீட்டிலிருந்து நாலு சோடிக் களிசான், கனத்த சப்பாத்து, பெரிய துவாய், அரைப் பெட்டி சாப்பாட்டுச் சாமான் எல்லாம் கொண்டு போயிருந்தேன். திரும்பும்போது விமான நிலையத் தராசில் ஒன்பது கிலோ கூடுதல். ஒரு கிலோவுக்கு அவர்கள் சொன்ன கட்டணம், நான் எடுத்த உடுப்பின் கிலோ விலையைவிடக் கூட. வரிசையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்கப் பெட்டியைத் திறந்து, என் சொந்த உடுப்பையும் சப்பாத்தையும் எடுத்து அங்கேயே ஒரு மூலையில் வைத்துவிட்டு, மிச்சத்துக்குக் காசு கட்டினேன். அந்தப் பயணத்தின் லாபத்தில் பெரும் பகுதி தராசடியிலேயே முடிந்துவிட்டது.

பிழை என்னுடையது. கொள்முதலுக்குப் போகிறவன் வெறும் பெட்டியோடு போக வேண்டும் என்பது எனக்கு அன்று தெரியவில்லை. இப்போது கையில் தூக்கிப் பிடித்து நிறுக்கும் சின்ன மின்தராசு ஒன்று என் பெட்டியில் எப்போதும் இருக்கும். ஹோட்டல் அறையிலேயே நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவேன். நிறை கூடும் போலிருந்தால், பல விமானங்களில் முன்கூட்டியே இணையத்தில் மேலதிக நிறைக்குப் பணம் கட்டலாம். கவுண்டரில் கட்டுவதைவிட அது மலிவு. ஒரு பெட்டி 32 கிலோவுக்கு மேல் போகவே கூடாது என்பதும் பெரும்பாலும் எங்கும் உள்ள விதி.

தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. 2006 ஓகஸ்டில் லண்டனிலிருந்து புறப்படும் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கும் சதி ஒன்று பிடிபட்டது. அதன் பின்தான் கைப்பொதியில் 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட திரவத்துக்குத் தடை வந்தது. இன்றும் பெரும்பாலான விமான நிலையங்களில் அந்த விதி இருக்கிறது. சம்பல், அச்சாறு, தேன் எல்லாம் அதற்குள் அடங்கும். ஆனால் வெறும் போத்தலுக்குத் தடை இல்லை. சோதனை முடிந்த பிறகு உள்ளே குடிநீர்க் குழாய் இருந்தால் நிரப்பிக்கொள்ளலாம். இந்த ஒரு பழக்கமே ஒவ்வொரு பயணத்திலும் சில டொலரை மிச்சப்படுத்தும்.

மின்பிளக் இன்னொரு பொறி. இந்தியாவில் நமது பழைய உருண்டைப் பின் வேலை செய்யும். சவூதியிலும் துபாயிலும் நமது புதிய சதுரப் பின், அதாவது 13 அம்பியர் வகை. சீனாவுக்குத் தட்டைப் பின். புறக்கோட்டையில் எல்லா நாட்டுக்கும் பொருந்தும் பிளக் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் ஆயுளுக்கும் போதும். ஹோட்டலுக்குக் கீழே உள்ள கடையில் இரவு பதினொரு மணிக்கு வாங்கினால் அதன் விலை வேறு.

பவர் பேங்க்கை சாமான் பெட்டியில் போடவே கூடாது. கைப்பொதியில்தான் கொண்டுபோக வேண்டும். அனுமதிக்கப்படும் அளவு பொதுவாக 100 வோட் மணி. சந்தையில் உள்ள 20,000 அளவு பவர் பேங்க் ஏறத்தாழ 74 வோட் மணி என்பதால் பிரச்சினை இல்லை. ஆனால் 2025 ஜூன் 28 முதல் சீனாவின் உள்நாட்டு விமானங்களில் அந்நாட்டின் 'மூன்று சி' தர முத்திரை இல்லாத பவர் பேங்க்கை ஏற்றுவதில்லை. குவாங்சோவில் இறங்கி யிவூவுக்கு உள்நாட்டு விமானத்தில் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சீனாவுக்குப் போகும்போது கட்ட வேண்டிய இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதது. அங்கே கூகுளும் வட்ஸ்அப்பும் வழமையான இணையத்தில் வேலை செய்யாது. ஹோட்டல் முகவரி, சந்தை முகவரி, நாம் போக வேண்டிய பள்ளிவாசல், ஹலால் கடை ஆகியவற்றின் பெயர்களைச் சீன எழுத்தில் தாளில் அச்சிட்டுக் கொண்டுபோங்கள். முகவரி காட்ட முடியாதவர் டாக்சிக்காரர் சொல்வதைத்தான் கொடுக்க வேண்டும். 1957 முதல் குவாங்சோவில் வருடத்தில் இருமுறை, ஏப்ரலிலும் ஒக்டோபரிலும், கன்டன் கண்காட்சி நடக்கிறது. அந்த நாட்களில் ஹோட்டல் விலை எகிறும். கண்காட்சிக்குப் போகிறவர் முன்கூட்டியே அறை போட வேண்டும். கண்காட்சி தேவையில்லாதவர் அந்தத் திகதிகளைத் தவிர்க்க வேண்டும்.

மருந்து கொண்டுபோகிறவர்கள் வைத்தியரின் துண்டோடு, மருந்தை அதன் சொந்தப் பக்கட்டிலேயே கொண்டுபோங்கள். நம் ஊரில் சாதாரணமாகக் கிடைக்கும் சில இருமல், வலி மருந்துகள் ஐக்கிய அரபு இராச்சியத்தில் கட்டுப்படுத்தப்பட்டவை. கோடீன் கலந்தவை அதில் அடங்கும். இறைச்சி, பழம், பாற்சாமான் போன்றவற்றைச் சீனாவுக்குள் கொண்டுபோக முடியாது.

காசு மாற்றுவதிலும் அவசரம் விலை பேசும். இறங்கிய உடனே விமான நிலையத்தில் எல்லாவற்றையும் மாற்றாமல், டாக்சிக்கும் ஒரு நேரச் சாப்பாட்டுக்கும் போதுமானதை மட்டும் மாற்றுங்கள். கார்டால் பணம் கட்டும்போது, இலங்கை ரூபாவிலா உள்ளூர்க் காசிலா என்று இயந்திரம் கேட்டால் உள்ளூர்க் காசையே தெரிவு செய்யுங்கள். ரூபாவில் காட்டுவது உதவி மாதிரித் தெரியும். அதற்கான மாற்று விகிதம் பெரும்பாலும் நமக்கு நட்டம்.

உம்ராவுக்குப் போகும் குடும்பங்கள்

ஹஜ், உம்ராவுக்குப் போகிறவர்களுக்கும் இதே கணக்குத்தான். இஹ்ராம் துணி, இடுப்பு பெல்ட், வாசனை இல்லாத சவர்க்காரம், இரண்டு சோடி ரப்பர் செருப்பு, செருப்பைப் போட்டுக் கையோடு வைத்துக்கொள்ள ஒரு துணிப் பை. இஹ்ராம் நிலையில் வாசனைப் பொருள் கூடாது என்பதால், அங்கே போய் வாசனையில்லாத சவர்க்காரம் தேடி அலையும் பலரைப் பார்த்திருக்கிறேன். செருப்பைத் தொலைத்துவிட்டு சுடும் நிலத்தில் நிற்கிறவர் முதலில் கிடைத்த கடையில் சொன்ன விலைக்குத்தான் வாங்குவார். இன்னொரு பக்கம், முசல்லா, தஸ்பீஹ், குழந்தைகளுக்கு விளையாட்டுச் சாமான் என்று ஹரமுக்கு முன்னால் வாங்கும் பலவும் நமது சந்தையிலும் இருக்கும் அதே சீனச் சாமான்தான். பேரீச்சம்பழமும் ஸம்ஸம் தண்ணீரும் கொண்டு வாருங்கள். மற்றவற்றை வாங்கும் முன் ஊர் விலையை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

"நாளைக்கு வேற ஆள் வரும்"

இதுவரை எழுதியது வாங்குகிறவர்களுக்கு. இனி எழுதுவது விற்கிறவர்களுக்கு, அதாவது நமக்கு.

சில வருடங்களுக்கு முன் என் மனைவியை சிகிச்சைக்காகக் கொழும்பில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அனுமதிக்க வேண்டி வந்தது. அவசரத்தில் புறப்பட்டதால் கையில் ஒன்றும் இல்லை. வார்ட்டில் ஒரு பட்டியல் சொன்னார்கள். படுக்கைத் துணி, வெந்நீர்ப் போத்தல், பிளாஸ்டிக் கோப்பை, வாளி, சவர்க்காரம், செருப்பு. வெளியே வந்து எதிரே இருந்த கடையில் கேட்டேன். வெந்நீர்ப் போத்தலுக்கு அவர் சொன்ன விலை, புறக்கோட்டையில் நான் அறிந்த விலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. நானும் வியாபாரி என்பதால் மனம் கேட்கவில்லை.

"இது கூட இல்லையா முதலாளி? நோயாளிக்குத்தானே வாங்குறம்" என்றேன்.

அவர் கோபப்படவும் இல்லை, வெட்கப்படவும் இல்லை. "விருப்பமெண்டா எடுங்க. நீங்க எடுக்காட்டி நாளைக்கு வேற ஆள் வரும்" என்றார்.

எடுத்துக்கொண்டு வந்தேன். வேறு வழி இருக்கவில்லை. அன்றிரவு வார்ட்டுக்கு வெளியே வாங்கில் இருந்தபோது அந்த வார்த்தைதான் மனதில் ஓடியது. நாளைக்கு வேற ஆள் வரும். பஸ் நிற்கும் கடையில், விமான நிலையத்தில், சுற்றுலாத் தலத்தில், எல்லா இடத்திலும் விலையைக் கூட்டுவது இந்த நினைப்புத்தான். என் கடைக்கு வெளியூர் ஆள் வந்தபோது நானும் அப்படி நினைத்ததில்லையா என்று கேட்டுப் பார்த்தேன். "இல்லை" என்று துணிந்து சொல்ல என்னால் முடியவில்லை.

நமது வாசலுக்கு வருகிறவர்

யுத்தம் 2009இல் முடிந்த பிறகு பாசிக்குடாவில் பெரிய ஹோட்டல்கள் எழுந்தன. வெள்ளைக்காரரும் வருகிறார்கள், கண்டி, குருநாகல், கொழும்பிலிருந்து நம் நாட்டுக் குடும்பங்களும் வான் பிடித்து வருகின்றன. பாடசாலை விடுமுறையில் ஒரு தடவை அந்த வான்களைக் கவனித்துப் பாருங்கள். சோற்றுப் பார்சல், தண்ணீர்க் கேன், பாய், காஸ் அடுப்பு, சட்டி பானை வரை கட்டிக்கொண்டு வந்து மரநிழலில் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். கூட்டத்தோடு சமைத்து உண்பதில் ஒரு சந்தோஷம் இருப்பது உண்மை. ஆனால் தண்ணீரையும் பிஸ்கட்டையும் சவர்க்காரத்தையும் கூட நூறு மைலுக்கு அப்பாலிருந்து ஏன் சுமந்து வர வேண்டும்? "அங்க போனா விலை கூட, எல்லாத்தையும் இங்கயே கட்டுங்க" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

அவர்கள் பையில் கட்டிக்கொண்டு வந்த ஒவ்வொரு சாமானும் நமது ஊர்க் கடைகள் இழந்த ஒரு வியாபாரம். யாரோ ஒருவர் ஒரு தடவை கூட எடுத்த ஐம்பது ரூபாவுக்காக, பத்துக் கடைகள் வருடக் கணக்கில் நட்டம் கட்டுகின்றன.

2024 ஏப்ரலில் கொழும்பு புதுக்கடையில் ஒரு வெளிநாட்டுப் பயணியிடம் ஒரு கொத்து ரொட்டிக்கு 1900 ரூபா கேட்ட காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவர் கையில் கமரா இருந்தது. காட்சி உலகம் சுற்றியது. அந்த வியாபாரியைப் பொலிஸார் கைது செய்தார்கள். நேர்மையாகக் கொத்துப் போட்டு விற்ற மற்றக் கடைக்காரர்களின் பெயரும் சேர்ந்துதான் கெட்டது. திரும்பி வரமாட்டான் என்று நாம் நினைக்கும் வாடிக்கையாளர் இப்போது திரும்பி வருகிறார். தான் மட்டும் வராமல், இலட்சம் பேருக்குக் காட்டிக்கொண்டு வருகிறார்.

எனவே சகோதர வியாபாரிகளே, அடுத்த பயணத்துக்கு முதல் நாள் மாலையே பையைக் கட்டுங்கள். போத்தல், வயர், மருந்து, சில்லறை, தராசு. வாப்பா சொன்னது போல வயிறு நிறைந்திருந்தால்தான் வாய் பேசும். ஊருக்குத் திரும்பி வந்து கடை திறக்கும்போது ஒரு காரியம் செய்யுங்கள். கண்ணில் படும்படி விலைப்பட்டியலைத் தொங்கவிடுங்கள். ஊர்க்காரருக்கும் வெளியூர்க்காரருக்கும் ஒரே விலை.

அந்த பஸ்ஸில் வந்த தம்பியை அண்மையில் பார்த்தேன். பயணப் பைக்குள் எப்போதும் ஒரு வயர் வைத்திருக்கிறாராம். "அது மட்டுமில்ல காக்கா" என்றார். "கடைக்கு வெளியூர் ஆள் அவசரமா வயர் கேட்டு வந்தா, இப்பவும் இருநூற்றம்பதுதான் சொல்றன். அண்டைக்கி ராவு எனக்குப் பட்டது மறக்கல்ல."

எழுநூற்றம்பது ரூபாவுக்கு அவர் வாங்கிய பாடம் அது. நமக்கு இந்தப் பத்திரிகையின் விலையிலேயே கிடைத்திருக்கிறது.